சோழபுரத்து ஐஸ் கன்று

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த புதிதில், மாட்டைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களைவிட என்னை வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். மாட்டுக்குப் பெண் டாக்டர் என்பதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. "பொம்பள கை அம்புட்டு தூரம் உள்ள போகுமா?" என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். "மாட்டுக்கு நல்லாவே போகும். ஒங்க வாய்க்குள்ள விட்டுப் பாத்துச் சொல்லட்டா?" என்றேன். மனிதர் ரோஷத்தோடு மறுநாள் தன் எருமையை ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே போய்ப் பார்த்தால் அங்கேயும் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது இரண்டு ஊருக்கும் என்னையே பொறுப்பாகப் போட்டிருந்தார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். இரண்டு ஊருக்கும் என்னோடு வருகிற எங்கள் கம்பவுண்டர், என்னைவிட இருபது வயது மூத்தவர், "டாக்டரம்மா கோவம் பால் பொங்குற மாதிரி. செத்த நேரம் தள்ளி நின்னா தானா இறங்கிரும்" என்று வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. ஆஸ்பத்திரியில் சினை ஊசிக்கான காளை விந்து வைக்கும் நைட்ரஜன் கேன் ஒன்று ஏற்கெனவே இருந்தது. மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வழியும். உள்ளே இருப்பது ஐஸ் இல்லை, ஐஸைவிடப் பல மடங்கு குளிர்ந்த திரவம் என்று எத்தனை தரம் சொன்னாலும் ஊருக்கு அது ஐஸ் கேன்தான். பால்கோவாக் கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள பால்கோவா வச்சா எம்புட்டு நாளைக்குக் கெடாது?" என்று கேட்டார். "நூறு வருசத்துக்குக் கெடாது. ஆனா கடிக்க ஒங்களுக்குப் பல்லு இருக்காது" என்றார் கம்பவுண்டர்.

அந்தக் கேனுக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு கேன் வந்து இறங்கியது. அதில் இருந்தவை உறைந்த கருக்கள். நான் சில வாரங்கள் வெளியூரில் தங்கி அதற்கான பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தேன். உயர்ந்த ரகப் பசு ஒன்றுக்கு ஊசி போட்டு, ஒரே பருவத்தில் பல முட்டைகளை வரவழைத்து, சினைப்படுத்தி, ஏழாம் நாள் கருப்பையை மெல்லக் கழுவி அந்தக் கருக்களை எடுப்பார்கள். ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் குழலில் அடைத்து, படிப்படியாகக் குளிரவைத்து, கடைசியில் நைட்ரஜனில் முக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அது எத்தனை வருடம் வேண்டுமானாலும் அப்படியே கிடக்கும். தேவைப்படும்போது உருக்கி, வேறொரு சாதாரணப் பசுவின் வயிற்றில் வைத்தால், அந்தப் பசு தன் ஜாதியில் இல்லாத கன்றைச் சுமந்து பெற்றுக் கொடுக்கும். சுமக்கிற பசுவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். அதுவும் பருவத்துக்கு வந்து ஏழாம் நாளில் இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் அதைக் காளையிடமும் விட்டிருக்கக் கூடாது, ஊசியும் போட்டிருக்கக் கூடாது. வயிறு காலியாக, ஆனால் தயாராக இருக்க வேண்டும்.

கேனும் கருவும் வந்துவிட்டன, மாடு கொடுக்க ஆளைக் காணோம். ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தேன். "ஐஸ்ல செத்தத எங்க மாட்டு வயித்துல வைக்கவா?" என்றார்கள். முதலில் சரி என்று சொன்னவள் ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரத்து அக்கா.

அக்கா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இளைப்பு வந்துவிட்டது. பேசும்போது நடுநடுவே நின்று மூச்சை இழுத்துக்கொள்வாள். இனிமேலும் மில்லுக்குப் போனால் நுரையீரல் தாங்காது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவளுடைய கணவர் அதே மில்லில் ஃபிட்டர். அவருடைய சம்பளம் ஒன்றை வைத்துக் குடும்பத்தை ஓட்ட முடியாது. அக்கா மில்லை விட்டு நின்றதே வீட்டில் இருந்த ஒரு கலப்பு ஜெர்சி மாட்டை நம்பித்தான். செவலை நிறம், சாதுவான மாடு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்புக்குத் தினமும் அவள் வீட்டுப் பால் போனது. ஆனால் மாட்டுக்கு வயதாகிவிட்டது. இதுவரை போட்டதெல்லாம் காளைக்கன்று. பெண் கன்றாக ஒரே ஒரு கிடேரி பிறந்து, அதுவும் கழிச்சலில் போய்விட்டது.

"இந்த மாடு கறவை நிக்கிறதுக்குள்ள ஒரு கிடேரி வேணும் டாக்டரம்மா. இல்லேன்னா நான் மறுபடி பஞ்சுக்குள்ளதான் போகணும்" என்றாள்.

"கிடேரிதான் பிறக்கும்னு நான் சொல்ல முடியாதுக்கா. காளையாவும் இருக்கலாம்."

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு. ஆனா கிடேரியாப் பிறந்தா நல்லாக் கறக்குமில்ல?"

"இந்த மாட்டைப்போல ரெண்டு மடங்கு கறக்கும்."

அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டது அண்ணன்தான். அக்காவின் கணவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அன்றைக்கு மட்டும் விடாமல் பேசினார். "வந்த பருவத்தச் சும்மா விடச் சொல்லுதீகளே, அது எப்படி? ஒரு பருவத்தத் தட்டி விட்டா மாட்டுக்கு மறுபடி வராமலே போயிருமே. வயசான மாடு வேற."

"வரும். இருபத்தோரு நாள்ல திரும்ப வரும். ஒங்க வீட்டுக் காலண்டர்ல குறிச்சு வைங்க" என்றேன், குரலை உயர்த்தி.

"இருக்கிறத விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்பட்ட கதையாயிரக் கூடாது பாத்துக்கிடுங்க."

"அண்ணே, காளைகிட்டயோ ஊசிக்கோ விட்டீங்கன்னா எல்லாம் பாழ். சொல்லிட்டேன்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினாள். அவரும் தலையாட்டினார்.

பருவம் வந்த செய்தியை அண்ணனே வந்து சொன்னார். மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தேன். வால் அடியில் முடி தேய்ந்து, இடுப்பில் சேறு அப்பியிருந்தது. மாடு பருவத்தில் இருந்தால் மற்ற மாடுகள் மேலே ஏறும், முடி தேயும். நாங்கள் தேடுகிற அடையாளமே அதுதான். "நல்ல பருவம். சரியாச் சொல்லியிருக்கீங்க" என்று அண்ணனைப் பாராட்டினேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஏழாம் நாள் கேனோடு சோழபுரம் போனோம். ஜீப்பில் கேனை இரண்டு கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டு கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார். பள்ளத்தில் ஜீப் குதிக்கும்போதெல்லாம் டிரைவருக்கு ஏச்சு விழுந்தது. அக்கா தன் தையல் மிஷினை வாசல் பக்கம் நகர்த்தி, மேலே வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள். அதன் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்தேன். கண்ணாடி வைத்த பழைய மாடல். கரண்ட் தேவையில்லை, வெயில் போதும். சோழபுரத்தில் வெயிலுக்கா பஞ்சம்.

முதலில் மாட்டுக்கு வால் அடியில் மரத்துப்போகிற ஊசி போட்டேன். கையை விட்டு எந்தப் பக்கத்துச் சினைப்பையிலிருந்து முட்டை வந்திருக்கிறது என்று பார்த்தேன். வலது பக்கம். அது தெரிந்த பிறகுதான் கேனைத் திறக்க வேண்டும். ஒரு தரம் உருக்கிவிட்டால் திரும்ப உறையவைக்க முடியாது. இடுக்கியால் குழலை எடுத்து, காற்றில் சற்றுப் பிடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டேன். உள்ளே பால்போல இருந்தது தெளிந்தது. குழலைத் துடைத்து, நுனியைக் கத்தரித்து, வரிசையாக வைத்திருந்த மூன்று கண்ணாடித் தட்டுகளில் முதலாவதில் துளியை விட்டேன்.

"ஏன் டாக்டரம்மா மூணு தட்டு?" என்று அக்கா கேட்டாள்.

"கருவுக்குள்ள தண்ணி இருக்கும்கா. தண்ணி உறைஞ்சா ஊசி ஊசியா நின்னு கருவக் குத்திக் கிழிச்சிரும். அதனால உறைய வைக்க முந்தி தண்ணிய வெளிய இழுத்துட்டு, கிளிசரின ஏத்திருவாங்க. இப்ப அந்தக் கிளிசரின எடுத்துட்டு மறுபடி தண்ணி ஏத்தணும். ஒரேயடியா ஏத்தினா வெடிச்சிரும். ஒவ்வொரு தட்டா மாத்தி மாத்தி ஏத்தணும்."

"வத்தல் போட்டு வச்சு, பொறவு ஊற வைக்கிறோம்ல, அது மாதிரி."

"அதே மாதிரிதான்."

கடைசித் தட்டில் அது நன்றாக ஊதி உருண்டிருந்தது. ஓடு உடையவில்லை. உள்ளே உயிரணுக்கள் கட்டுக்கோப்பாக இருந்தன. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் முந்தானையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"ஊறின ஜவ்வரிசி மாதிரில்லா இருக்கு! இதுவா கன்னுக்குட்டி?"

"இதுதான்."

"இதுக்கு உசுரு இருக்கா?"

"இருக்கு."

"அன்னைக்கு ஐஸ்ல கிடந்தப்பவும் இருந்துச்சா?"

"நின்னு போயிருந்துச்சு. இப்பத் திரும்ப ஓடுது" என்றேன். அண்ணனையும் பார்க்கச் சொன்னாள் அக்கா. "நான் பாக்கல, நீயே பாரு" என்று அவர் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

கருவைப் புதுக் குழலில் ஏற்றி, கம்பியில் மாட்டி, கருப்பையின் வலது பக்கக் கிளைக்குள் போய் வைத்துவிட்டு வந்தேன். கையைக் கழுவித் திரும்புவதற்குள் அண்ணன் ஒரு குடம் தண்ணீரை மாட்டின் முதுகில் கொட்டிவிட்டார். சினை ஊசி போட்டால் முதுகில் தண்ணீர் ஊற்றி, மாட்டைப் படுக்கவிடாமல் கட்டுவது அங்கே வழக்கம். "யாரு சொன்னது தண்ணி ஊத்த?" என்று கத்தினேன். "உள்ள போனது வெளிய வந்திரக் கூடாதுல்லா" என்றார். கம்பவுண்டர் சிரித்ததில் என் கோபம் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்துக் கை விட்டுப் பார்த்தேன். சினை! எனக்குத் தலைகால் புரியவில்லை. சோழபுரம் தெருவில் ஒரு டாக்டர் என்ற நினைப்பே இல்லாமல் அக்காவின் கையைப் பிடித்துக் குதித்தேன். அப்போது ஸ்கேன் எல்லாம் எங்களிடம் ஏது? கைக்கு ஒரு கன்று தெரிந்தது, ஒன்று என்றுதான் எழுதினேன். நாளாக ஆக மாட்டின் வயிறு பெரிதானபோதும், உள்ளே இருப்பது பெரிய ரகம் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்றே நினைத்தேன். செய்தி பரவி, மகாராஜபுரத்திலிருந்தும் கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து, "எங்க மாட்டுக்கும் ஐஸ் கரு வைப்பீகளா?" என்று கேட்டுப் பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். கேனில் இன்னும் கருக்கள் இருந்தன. சோழபுரத்துக் கன்று பிறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

சொன்ன நாளுக்கு முன்பாகவே ஒரு மத்தியானம் மாட்டுக்கு வலியெடுத்துவிட்டது. அண்ணன் சைக்கிளில் வந்து கூப்பிட்டார். அன்று நான் ராஜபாளையத்தில் இருந்ததால் உடனே போய்ச் சேர்ந்தேன். தண்ணீர்க்குடம் உடைந்து, முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன. கொஞ்சம் இழுத்துக் கொடுத்தேன். கரு தந்த பசுவைப் போலவே கறுப்பும் வெள்ளையுமாக வழவழவென்று ஒரு கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன். கிடேரி.

"கிடேரிக்கா!"

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று அக்கா மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை. கன்றின் மூக்கைத் துடைத்துவிட்டு நான் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மாடு மறுபடி முக்கியது. நஞ்சுக்கொடிதான் வருகிறது என்று நினைத்தேன். கம்பவுண்டர்தான், "டாக்டரம்மா, இன்னும் ரெண்டு காலு தெரியுது" என்றார்.

இரண்டாவது கன்று சாம்பல் நிறம். முதுகில் சின்னத் திமில் இருந்தது. காளைக்கன்று. யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நாட்டுக்காளையின் ஜாடை அப்படியே இருந்தது.

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "இது யாரு பிள்ள?"

அண்ணன் பிடரியைச் சொறிந்தார். "பருவம் வந்த அன்னைக்குச் சாயங்காலம், கிணத்தடி வீட்டுக் காளைகிட்ட... ஒரு தரம்தான். ஐஸ்ல கிடந்தது பொழைக்குமோ பொழைக்காதோன்னு மனசு கேக்கல. ஒண்ணு தப்பினா ஒண்ணு நிக்கட்டும்னுதான்... நீ மறுபடி மில்லுக்குப் போகக் கூடாதுல்ல."

"அடப் பாவி மனுசா!" என்று அக்கா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா ஒருவர், "ரெண்டு கன்னு போட்ட மாட்ட நான் கண்ணால பாத்ததே இல்ல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெருவே கூடிவிட்டது. "கர்த்தர் எனக்கு ரெட்டிப்பாக் குடுத்துட்டாரு டாக்டரம்மா" என்றாள் அக்கா. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

என் வழக்கப்படி அண்ணனை அந்த இடத்திலேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருக்க வேண்டும். ஆனால் கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். மாட்டின் வயிற்றில் ஆணும் பெண்ணும் இரட்டையாக வளர்ந்தால் இரண்டின் நஞ்சுக்கொடியும் ஒட்டிக்கொள்ளும், ஒன்றின் இரத்தம் மற்றதுக்குள் ஓடும். காளைக்கன்றின் இரத்தத்தோடு வருவது கிடேரியின் கருப்பையை வளரவிடாமல் அடித்துவிடும். வெளியே பார்த்தால் அழகான கிடேரியாக இருக்கும். பருவத்துக்கு வராது, சினை பிடிக்காது, ஒரு சொட்டுப் பால் கறக்காது. தப்புவது மிக அபூர்வம். கம்பவுண்டருக்கும் இது தெரியும். இத்தனை வருட அனுபவத்தில் பார்த்திருக்கிறார். என் பக்கத்தில் வந்து, "இன்னைக்கு ஒண்ணும் சொல்லாதீக டாக்டரம்மா. அந்தப் புள்ள ஒரு நாளாவது சிரிக்கட்டும்" என்றார்.

சொல்லவில்லை. அடுத்த வாரம் மேலதிகாரிகள் ஜீப்பில் வந்து, கறுப்பு வெள்ளைக் கன்றுக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்தார்கள். உறைந்த கரு உயிரோடு கன்றாகப் பிறந்துவிட்டது, அவர்களுக்கு அது வெற்றி. எனக்கும் கை கொடுத்தார்கள். கன்று வளர்ந்து என்ன ஆகும் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. சாம்பல் கன்றைப் போட்டோவில் விழாமல் தள்ளிக் கட்டச் சொன்னார்கள்.

அந்த அபூர்வம் நடந்துவிடாதா என்று நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். சில வாரங்கள் கழித்து, அண்ணன் மில்லில் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சோழபுரம் போனேன். எண்ணெய் தடவிய சின்னக் கண்ணாடிக் குழாயைக் கன்றின் பிறப்புறுப்புக்குள் மெல்ல விட்டுப் பார்ப்பதுதான் பரிசோதனை. நல்ல கிடேரியாக இருந்தால் ஒரு விரல் நீளத்துக்கு மேல் போகும். இதில் பாதி விரல்கூடப் போகவில்லை, முட்டி நின்றுவிட்டது. இரண்டாம் தரம் பார்த்தேன். மூன்றாம் தரமும் பார்த்தேன். கன்று என் புறங்கையை நக்கிக்கொண்டு நின்றது.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தனியாகப் பிறந்திருந்தால் ஒரு குறையும் இருந்திருக்காது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள்தான் கேட்டாள்: "அந்தக் காளைக்கன்னு கூட இல்லேன்னா?"

"நல்லாக் கறந்திருக்கும்கா."

அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுத்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"இந்த மாடு இன்னொரு ஈத்து தாங்குமா?"

"தாங்காதுக்கா. இந்தப் பால் வத்தினா அவ்வளவுதான்."

"அப்ப மில்லுதான்" என்றாள். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரரு, அவியகிட்ட இதச் சொல்லாதீக."

"எத?"

"காளைக்கு விட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு. ஐஸ்ல கிடந்த கரு, அதான் மலடாயிருச்சுன்னு சொல்லுதேன். கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்க."

எனக்கு வந்தது கோபம். "என் கரு மேலயா பழியப் போடச் சொல்றீங்க? எத்தன பேரு பேர் குடுத்துட்டுக் காத்திருக்காங்க தெரியுமா? ஐஸ் கரு மலடுன்னு ஒரு தரம் வெளிய வந்துச்சுன்னா இந்தச் சுத்து வட்டாரத்துல ஒருத்தன் மாட்டக் குடுப்பானா? நான் கஷ்டப்பட்டுப் படிச்சுட்டு வந்ததெல்லாம் எதுக்கு? தப்புப் பண்ணினது ஒங்க வீட்டுக்காரரு. கேக்காம விட்டது அவரு!"

"ஆமா. அவியதான்" என்றாள். "எதுக்கு விட்டாக? நான் மில்லுக்குப் போகக் கூடாதுன்னுதான விட்டாக. இப்ப நான் மில்லுக்குப் போறதே அவியளாலதான்னு தெரிஞ்சா, அந்த மனுசன் சோத்துல கை வைப்பாகளா? நான் ஒவ்வொரு தரம் இருமும்போதும் அவிய செத்துப் பொழைக்கணும். எனக்கு நெஞ்சுல தூசிதான். அவியளுக்கு அந்தப் பழி வேண்டாம் டாக்டரம்மா."

நான் ஜீப்பில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் கோபம். அக்கா மேலா, அண்ணன் மேலா, என் மேலா என்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரி வந்ததும் கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர், "புருசன் பொண்டாட்டி நடுவுல உண்மையக் கொண்டு போயி நீங்க என்ன செய்யப் போறீக?" என்றார்.

அக்கா சொன்னபடியே சொல்லிவிட்டாள். இரண்டே வாரத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது: ஐஸ் கன்னு மலடு. பேர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, மாட்டுக்கு உடம்பு சரியில்லை, மாட்டை விற்றுவிட்டோம் என்று ஏதோ ஒரு சாக்குச் சொல்லிப் பேரை எடுத்துக்கொண்டார்கள். "டாக்டரம்மா நல்ல டாக்டருதான், ஆனா அந்த ஐஸ் கேன் மட்டும் ஆகாது" என்று டீக்கடையில் பேச்சு. நான் மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஒவ்வொரு நாளும் அது நாக்கு நுனி வரை வந்தது. என் சுபாவத்துக்கு அதை விழுங்குவது எவ்வளவு பாடு என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் மேலிடத்திலிருந்து வந்து கேனை மிச்சக் கருக்களோடு திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செவலை மாட்டின் பால் வற்றியது. அக்கா மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு மறுபடி மில்லுக்குப் போக ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு தரம் பார்த்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்துவிட்டது. "நல்லாருக்கேன் டாக்டரம்மா" என்று கையைக் காட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அதற்கும் அடுத்த வருடம், நான் வேறு ஊருக்கு மாற்றலாவதற்குக் கொஞ்சம் முன்பு, அண்ணன் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாம்பல் கன்று நன்றாக வளர்ந்து, திமில் ஏறி, வாட்டசாட்டமாக நின்றது. வண்டிக்குப் பழக்கப் போவதாகவும் அதற்கு முன் காயடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். மலட்டுக் கிடேரியை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கம்பவுண்டர் காளையைக் கட்டிப் படுக்கப் போட்டார், நான் வேலையை முடித்தேன். காளை எழுந்து நின்று உடம்பை உதறிக்கொண்டது. அண்ணன் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

"ஷிப்ட் விடுற நேரம் டாக்டரம்மா, நான் கிளம்புறேன். அவளப் போயிக் கூட்டிட்டு வரணும். இப்பல்லாம் மில்லுலேர்ந்து வீடு வரைக்கும் தனியா நடக்க முடியல அவளால" என்றார். கயிற்றை அவிழ்த்தவர் போகாமல் நின்றார். "ஒங்க மேல எனக்கு அன்னைக்கெல்லாம் பயங்கரக் கோவம். அந்த ஐஸ் கரு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா அவ இன்னைக்கு வீட்ல இருந்திருப்பா. சரி, நீங்களும் என்ன வேணும்னா செஞ்சீக? ஆனா ஒண்ணு சொல்லுதேன், நல்லவேளை அன்னைக்கு நான் ஒங்க பேச்சக் கேக்கல. நான் மட்டும் காளைக்கு விடாம இருந்திருந்தா, இவனும் இல்லாம ஒண்ணுமத்து நின்னுருப்போம். ஏதோ அவளுக்கு நம்மளால ஆனது இம்புட்டாவது செஞ்சோம்னு மனசுக்கு ஒரு ஆறுதல். என்ன டாக்டரம்மா, சரிதான?"

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார்.

"ஆமாண்ணே" என்றேன். "நல்ல காரியம் செஞ்சீங்க."